ஜன்னலோரச் செடியில் ஓர் ஓட்டை

காலை ஆறு மணி ஐந்து நிமிடம்.

கொல்லைக் குழாயில் பிடித்த தண்ணீரைச் சமையலறையில் இறக்கிவிட்டுப் படுக்கையறைக்கு வந்த தையல்காரி, தாழ்ப்பாளை நீக்கி ஜன்னல் கதவைத் திறந்தாள். கம்பிகளை ஒட்டி அடர்ந்து நின்ற மஞ்சள் அரளியின் நடுவே ஓர் ஓட்டை. முந்தாநாள் அது உள்ளங்கை அகலம் இருந்தது. நேற்று கிண்ணம் அளவு. இன்று ஒரு தட்டே நுழையும்.

யாரோ தினமும் வந்து, அவளைப் பார்ப்பதற்காக இலையை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னங்க, எழுந்திரிங்க."

போர்வைக்குள்ளிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஓட்டையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "நான்தான் சொன்னேனே. கேஸ் முடியற வரைக்கும் உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடு."

நாளை மறுநாள் வழக்கு. மரக்கடை முதலாளி தன் வேலையாளை ஓடும் லாரிக்கு முன்னால் பிடித்துத் தள்ளியதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி இவள்தான். இந்த ஓட்டையைப் பற்றி நேற்றே காவல் நிலையத்தில் சொல்லியாயிற்று. எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர் எந்நேரமும் இந்தப் பக்கமே பார்க்கிறார் என்றும் சொன்னாள். ஏட்டு எழுதிக்கொண்டதோடு சரி.

ஜன்னல் திட்டில் இன்றும் வெள்ளைச் சொட்டுகள். புறா எச்சம் என்று முணுமுணுத்துக்கொண்டே பாதியைத் துடைத்தவள், ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். அந்தச் செடி இன்று இருக்கக்கூடாது.

ஏழரை மணிக்கு வந்தாள் கத்தரியக்கா. பூங்காவில் இருபது வருடமாகக் கவாத்து வேலை. எந்தக் கிளையை எங்கே வெட்ட வேண்டும் என்று அவளைக் கேட்டுத்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

"வேரோட எடுத்துடுங்கக்கா," என்றாள் தையல்காரி.

"எடுக்கலாம். முதல்ல பார்க்கறேன்."

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சும்மா உட்கார முடியாமல் தையல்காரி ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து வெட்டினாள். கத்தரிக்கோல் விரியாமல் சண்டித்தனம் செய்தது. துணி கிழிந்ததுதான் மிச்சம்.

தெருப்பக்கம் போய்வந்த கத்தரியக்கா அறைக்குள் நுழைந்து திட்டில் விரலை வைத்தாள். ஒட்டியது.

"ராத்திரி இந்தக் கதவைச் சாத்துவியா?"

"தாழ்ப்பாள் போட்டுத்தான் படுப்போம்."

"இன்னைக்குத் திறந்தது யாரு?"

"நான்தான். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்துச்சு."

"தண்ணி பிடிக்க எப்போ போனே?"

"அஞ்சரைக்கு. என்னக்கா, என்னையே சந்தேகப்படறீங்களா?"

"அந்தக் கத்தரிக்கோலைக் கொடு."

கத்தரியக்கா அலகுகளை விரித்தாள். நடுவில் மஞ்சளாக உறைந்த பிசின். இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

கணவர் கடைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"தெருவுல நின்னு வெட்டறவன் தன் பக்கத்து இலையைத்தான் முதல்ல வெட்டுவான்," என்றாள் கத்தரியக்கா, அவரைப் பார்த்தே. "ஓட்டை தெருப்பக்கம் அகலமா இருக்கும். இங்க தலைகீழ். உள்ள தட்டு, வெளியே எலுமிச்சம்பழம். சைக்கிள் கடைக்காரர் பாவம், தலைகீழா நின்னாலும் அதுக்குள்ள எதுவும் தெரியாது. இது எச்சமும் இல்லை, செடியோட பால். கதவு சாத்தியிருந்தா உள்பக்கத் திட்டுல எப்படிச் சொட்டும்? இவ தண்ணி பிடிக்கப் போன நேரத்துல யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறந்து வெட்டியிருக்காங்க. காம்பெல்லாம் நசுங்கியிருக்கு, அது துணிக் கத்தரிக்கோல் வேலை. வெட்டின இலை ஒண்ணுகூடக் கீழே இல்லை. தம்பி, பையைத் திறக்கறீங்களா?"

அவர் திறக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தையல்காரி பையை வாங்கிக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பாவோடு அரளி இலைகள் கொட்டின.

"என்னை ஏங்க பயமுறுத்தினீங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மூணு நாளா எனக்குச் சோறு இறங்கலை."

"திங்கக்கிழமை ஒருத்தன் கடைக்கு வந்தான். பழுதுக்கு வந்த கடிகாரத்தை மேஜையில வச்சு, கல்லால ஒரே அடி. கோர்ட்டுல வாயைத் திறந்தா உன் பொண்டாட்டிக்கும் இதுதான்னு சொல்லிட்டுப் போனான்." அவர் முழங்கால்களைக் கட்டிக்கொண்டார். "உன்கிட்ட சொன்னா வீம்புக்காகவே போவே. அதான், நீயா பயந்து ஊருக்குப் போயிடுவேன்னு..."

ஜன்னலுக்கு வெளியே ஒருவரும் இல்லை என்ற நிம்மதி ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. கல்லோடு வந்தவன் நிஜம். அவனுக்கு இந்த வீடும் தெரிந்திருக்கும். தையல்காரி கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓங்கி அறையத் தோன்றியது. தோளில் சாயவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"அவன் முகம் ஞாபகம் இருக்கா?"

"கண்ணை மூடினா அதுதான் தெரியுது."

"அப்போ சாட்சி நான் மட்டும் இல்லை. நீங்களும்தான். எழுந்திரிங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும்?"

"நானும் கூட வர்றேன்," என்றாள் கத்தரியக்கா. "இந்தக் கத்தரிக்கோலைப் பத்தி ஏட்டுக்கு நான்தான் விளக்கணும்."

எட்டு மணி பத்து நிமிடம். காவல் நிலையத்துக்கு மரக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் வாசலை நெருங்கியதும் உள்ளே ரம்பச் சத்தம் சட்டென்று நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கடிகாரக்காரரின் கை வியர்த்து வழுக்கியது. தையல்காரி அதை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மூன்று பேரும் நடையைக் குறைக்காமல் கடந்து போனார்கள்.