ஒரே நபர் மீதான நிலுவை

காலையில் பல் துலக்கும்போதுதான் பூலோகநாதனின் கடனாளிகள் இரவு எப்படித் தூங்கினார்கள் என்று அவருக்குச் சொல்லப்படும். இடது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், உளுந்து அளவில் ஒரு கருவி. இடர்மணி என்று பெயர். "காளான் பண்ணை அந்தோணிராஜ் சரியாகத் தூங்கவில்லை. நாடித்துடிப்பு அதிகம். அவர் மீதான நிலுவையில் பாதியை விற்றுவிடலாமா?" என்று அது கேட்கும். இவர் வாய் நிறைய நுரையோடு "ம்" என்பார். வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் அந்தக் கடனில் பாதி வேறு யாருக்கோ கைமாறிவிடும்.

நிலவின் தென்முனையில் பாறையைக் குடைந்து கட்டிய சோமநகரில் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அங்கே வங்கிகள் இல்லை. இரண்டு முறை வைத்துப் பார்த்தார்கள், இரண்டு முறையும் திவாலாயின. அதன்பிறகு ஊரார் ஒருவருக்கொருவர் நேரடியாகவே தொழில் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். விண்ணுடை தைப்பவர், பாசி ரொட்டி சுடுபவர், காற்று வடிகட்டி பழுது பார்ப்பவர் என்று முன்னூறு பேருக்குப் பூலோகநாதன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வைத்திருந்தார். கடன் வாங்குகிறவர்கள் தங்கள் நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் கொடுத்தவர் பார்க்கச் சம்மதித்துக் கைநாட்டு வைக்க வேண்டும். சட்டம் கொடுப்பவரையும் விடவில்லை. தன் சொத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் யாரும் ஒரே நபரை நம்பிப் போடக்கூடாது. மீறினால் கடன் கொடுக்கும் உரிமம் போய்விடும். உரிமம் போனால் பிழைப்பும் போய்விடும்.

பூலோகநாதன் அந்த வரம்பைத் தாண்டியதே இல்லை. யாரைக் கண்டாலும் "ஒரே ஆளை நம்பிப் போடாதீங்க" என்று புத்தி சொல்வார். கேட்டுக் கேட்டு ஊருக்குக் காது புளித்திருந்தது.

அந்த ஆண்டு ஒரு கில்லாடி ஏழு பெயர்களில் ஏழு கடை காட்டிக் கடன் வாங்கி, ஊரையே மொட்டையடித்துவிட்டுச் செவ்வாய்க்கு ஓடிப்போனான். நகர மன்றம் விழித்துக்கொண்டு எல்லா இடர்மணிகளையும் புதுப்பித்தது. இனி எந்தப் பெயரில் போனாலும் பணம் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று மணி பார்க்கும். கடனா இல்லையா என்பதற்குப் பத்திரமும் தேவையில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியோ, கொடுத்த கையோடோ, அதற்கு ஈடாக ஏதாவது கேட்டால் போதும், அது கடன்.

மறுநாள் காலை மணி சொன்னது: "ஒரே நபர் மீதான நிலுவை, எழுபத்தொரு சதவீதம்."

பூலோகநாதன் நுரையை விழுங்கிவிட்டார். "எவன் அவன்?"

"இளவேனில். பெண். வயது இருபத்து நான்கு. பனிப்பாறை ஆய்வாளர். இதுவரை ஒரு தவணையும் கட்டவில்லை."

"அது என் பொண்ணு. பொண்ணுக்குச் செஞ்சது எப்படிக் கடனாகும்?"

மணி அவருடைய குரலையே அவர் காதில் ஓட்டியது. 'உன்ன வளக்க எவ்வளவு கொட்டியிருக்கேன், அதுக்கு நீ செய்யற கைம்மாறு இதுதானா?' போன வாரம் பேசியது. அதற்கு முந்தைய வாரத்தையும் ஓட்டியது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துக் குரல் வந்ததும் "போதும், நிறுத்து" என்றார்.

வருடம் முழுக்க ஒரே குளிராக இருக்கும் குகைநகரில் பிறந்தவளுக்கு இளவேனில் என்று பெயர் வைத்தது அவர் மனைவி. மனைவி இறந்தபின் ஒற்றை ஆளாகவே வளர்த்தார். இப்போது அவளுக்குச் சனிக் கோளின் டைட்டன் நிலவில் வேலை கிடைத்திருந்தது. போய்ச் சேரவே பத்து மாதம். அவ்வளவு தூரம் போய்விடுவாள் என்ற பயத்தை வெளியே சொல்லத் தெரியாமல்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இரண்டு வழி உண்டு" என்றது மணி. "அவர் முன்னிலையில் 'ஒன்றும் பாக்கி இல்லை' என்று சொல்லித் தள்ளுபடி செய்யலாம். அதன்பின் வாழ்நாளில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அல்லது கடனைச் சந்தையில் விற்கலாம். நாளைக்குள் முடிவு தேவை. இன்னொன்று, கடன் உள்ளவர் வேறு உலகத்துக்குக் கப்பல் ஏற முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பூலோகநாதனின் கோபம் சட்டென்று இறங்கியது.

அன்று மாலை இளவேனில் காலணியைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "அப்பா, என் பேர்ல பெரிய கடன் இருக்குன்னு துறைமுகத்துல டிக்கெட்ட நிறுத்தி வச்சிருக்காங்க. கடன் கொடுத்தவர் நீங்களாம்."

"நான் என்னம்மா பண்றது. சட்டம் அப்படி."

"பாக்கி இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதாமே?"

சொல்லத்தான் நினைத்தார். சொன்னால் அவள் போய்விடுவாள். தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

விடிந்ததும் கடனை விற்பது என்று தீர்மானித்தார். அதிலும் அவர் தொழில் மூளை வேலை செய்தது. கடனை நூறு துண்டாக்கி நூறு அந்நியர்களிடம் விற்றுவிட்டால் உரிமமும் பிழைக்கும், அந்த நூறு பேரையும் தேடிப் பிடித்துக் கடனை அடைத்து அவள் கப்பல் ஏறுவதும் நடக்காது. ஆனால் சந்தை வேறு கணக்குப் போட்டது. ஒரு தவணையும் கட்டாதவர், ஈடு கிடையாது, ஊரை விட்டுப் போகத் துடிப்பவர். விலை சரிந்து சரிந்து, நூறு துண்டும் சேர்ந்து ஒரு ஜோடி விண்காலணி விலைக்கு வந்து நின்றது. பூலோகநாதனுக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. என் பொண்ணு இவ்வளவுதானா என்று மணியிடம் சண்டைக்குப் போனார். ஆனாலும் மதியத்துக்குள் எல்லாத் துண்டுகளும் விற்றுப்போயின.

இரவுச் சாப்பாட்டில் அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "உன்னப் படிக்க வைக்க நான் எவ்வளவு..." என்று ஆரம்பித்தார்.

"பொறுங்கள்" என்றது மணி, இருவருக்கும் கேட்கும்படி. "அந்தக் கடன் இப்போது உங்களுடையது அல்ல. அதைப் பற்றிப் பேசும் உரிமை வாங்கியவருக்கே."

"நூறு பேர்ல எவருக்கு?"

"வாங்கியவர் ஒருவரே."

இளவேனில் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான்தாம்ப்பா வாங்கினேன். ரொம்ப மலிவா வந்துச்சு. என் கடன நானே வாங்கிட்டா தீந்துடுச்சுன்னு அர்த்தமாம்."

பூலோகநாதன் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

கப்பல் கிளம்பும் நாளில் துறைமுகத்துக்கு அவரும் போனார். கையில் ஒரு பொட்டலம் புளியோதரை. அவளிடம் நீட்டியபோது மணி குறுக்கே வந்தது. "பரிசா, கடனா?"

"பரிசு."

"எதிர்பார்ப்பு ஏதும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல" என்றார். அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே நடந்தாள். அவள் கப்பல் ஏறிவிட்டபின், கதவு மூடப்போகும் நேரத்தில் அவரால் தாங்க முடியவில்லை. "போய்ச் சேந்ததும் பேசும்மா. வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசு."

"கடனாகப் பதிவு செய்யப்பட்டது" என்றது மணி. "தவணை, வாரம் ஒரு பேச்சு."

பத்து மாதம் கழித்து முதல் தவணை வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது தவணைக்குப் பதில் 'வேலை ஜாஸ்திப்பா, அப்புறம் பேசறேன்' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு காலை, வழக்கம்போல் அவர் வாய் நிறைய நுரையோடு நின்றபோது மணி கேட்டது: "இளவேனில். தவணைகள் தொடர்ந்து பாக்கி. இந்தக் கடனை விற்றுவிடலாமா?"

பூலோகநாதன் "ம்" என்று சொல்லவில்லை. நன்றாக வாய் கொப்பளித்தார், துண்டால் துடைத்தார், பிறகு தெளிவாக "வேண்டாம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அவ நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினாளா?"

"அது தெரியாது. அவருடைய நாடித்துடிப்பைப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை" என்றது மணி. "மற்ற முன்னூறு பேரும் நன்றாகத் தூங்கினார்கள்."