அறுத்த பஸ்ஸர் வயர்

2006. அன்று மதியம் சந்தாபுரா ஷெட்டில் இருந்தவர்கள்: கேப் முதலாளி கிருஷ்ணப்பா, டிரைவர் உத்தமன், வயரிங் வேலை செய்யும் நான், ஒரு வெள்ளை வேன். வண்டி கழுவும் பாஞ்சாலி இல்லை. ஒன்பது நாள் முன்பு அந்த வேனுக்கும் பின்சுவருக்கும் நடுவில் நசுங்கிச் செத்துப்போனாள்.

ரிவர்ஸ் எடுத்தவன் உத்தமன். மற்ற வண்டிகளில் ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் ஆள் நெருங்க நெருங்க பம்பர் சென்ஸார் பஸ்ஸரை வேகமாகக் கத்தவைக்கும். அவள் செத்த அன்றுதான் இந்த வேனை முதன்முதலாக எடுத்தான்.

"பஸ்ஸர் கத்தலண்ணா. யாருமில்லன்னு நம்பிட்டேன்." எல்லோரிடமும் இதையே சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

நான் நம்பினேன். வயரை அறுத்தவனே நான்தான். வேனில் வரும் கம்பெனி ஆட்களின் தூக்கம் கெடுகிறது, அறுத்துவிடு என்றார் கிருஷ்ணப்பா. கால் சென்டர் நைட் ஷிப்டை விட்டு ஓடிவந்தவன் நான், அந்தத் தூக்கம் எனக்கும் தெரியும். அறுத்தேன். டிரைவர்களிடம் சொல்லவில்லை.

"நாளைக்கு வண்டியச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றார். பேகா, சீக்கிரமா வயர ஜாயின்ட் போடு," என்று கிருஷ்ணப்பா என் காதில் கிசுகிசுத்தார். "பஸ்ஸர் கத்துச்சுன்னா தப்பு அவன் மேல."

"அவன் ஜெயிலுக்குப் போவான் சார்."

"அப்ப நீ போறியா?"

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். அவர் மேல் அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தேன். அறுந்த வயரின் இரு முனைகளும் என் கைகளில். நடுவில் ஒரு சாண் இடைவெளி.

கீ.

கையை உதறித் தலையை வெளியே எடுத்தேன்.

கீ... கீ.

சோப்புத்தூள் வாசனை வந்தது. ஈரத்துணி கண்ணாடியில் இழுபடும் சத்தம். பின்கண்ணாடியில் படிந்திருந்த ஒன்பது நாள் தூசியில் ஒரு வட்டம் மெல்லத் துடைபட்டுத் தெளிந்தது.

அதற்கு அந்தப்பக்கம் சுவர் மட்டும்.

கீ கீ கீ கீ.

"நிறுத்துடா! வயரப் புடுங்கு!" கிருஷ்ணப்பா கத்தினார்.

"புடுங்கித்தான் சார் இருக்கு!" இரு முனைகளையும் இழுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நீங்க சொல்லி நான் அறுத்ததுதானே!"

சத்தம் நின்றது. உத்தமன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அடிக்க வரவில்லை.

"இத ஸ்டேஷன்ல சொல்லுவியாண்ணா?"

சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். கிருஷ்ணப்பா எஸ்ஐக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டே, "நான் எதுக்கு அறுக்கச் சொல்றேன்? குடிகாரன் சார் இவன்" என்றார். எஸ்ஐ தலையாட்டினார். உத்தமனை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை லாக்கப்புக்குள் தள்ளினார்கள்.

ஏட்டு சாவிக்கொத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். பின்சுவரை நோக்கி ஓரடி பின்வாங்கினேன்.

கீ.

இன்னும் ஓரடி.

கீ கீ.

முதுகில் ஈரம் பட்டது. சோப்புத்தூள் வாசனை.

"சார், இங்க யாரோ இருக்காங்க சார்!"

ஏட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினார்.