தளர்ந்த நான்கு தந்திகள்

ஈஸ்டருக்கு முந்திய பெரிய சனிக்கிழமை காலையில் றொகான் மன்னார்ப் பட்டினத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, முதுகில் கிற்றார்ப் பையும் மனதில் இரண்டு எண்ணங்களும் இருந்தன. ஒன்று, விதுசனின் மூக்கை உடைப்பது. மற்றது, கிற்றாரை உடைப்பது. எதை முதலில் செய்வதென்றுதான் தெரியவில்லை. சந்தியில் நடுவீதியில் நின்ற கழுதை, எவ்வளவு ஹோன் அடித்தும் காதைக்கூட அசைக்கவில்லை. "நீயுமா?" என்று அதனிடம் கத்திவிட்டு, வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

அவன் தேடி வந்தது ரிஸ்னாவின் வீட்டை. விபத்தில் அடிபட்ட வாகனங்களைப் பார்த்து, அடி எப்படி விழுந்தது என்று காப்புறுதிக் கம்பனிகளுக்குச் சொல்வது அவளுடைய தொழில். ஓட்டியவன் பொய் சொன்னாலும் நெளிந்த தகரம் அவளிடம் பொய் சொல்லாது என்று ஊரில் பேச்சு. அதனால் தகரத்தோடு சம்பந்தமில்லாத சிக்கல்களையும் ஆட்கள் அவளிடம் கொண்டுவந்தார்கள். அவளுடைய கணவன் பைசர் பட்டினத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அப்படிப்பட்ட சிக்கல் வருகிறதென்று கேள்விப்பட்டால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான்.

"ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும் அக்கா," என்றான் றொகான், கதிரையில் உட்காருமுன்பே. "எப்பிடிச் செய்தான் எண்டுதான் தெரியேல்ல."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது," என்றான் பைசர்.

"பிழையான பாதியாயும் இருக்கலாம்," என்றாள் ரிஸ்னா. "இருங்கோ தம்பி. முதல்ல தண்ணியக் குடியுங்கோ."

றொகான் பையைத் திறந்து கிற்றாரை வெளியே எடுத்தான். இத்தாலியில் இருக்கும் மாமா போன வருடம் கொண்டுவந்து கொடுத்த பன்னிரண்டு தந்திக் கிற்றார். தந்திகள் ஆறு சோடிகளாக ஓடும். தடித்த நான்கு சோடிகளில் ஒவ்வொரு தடித்த தந்திக்குப் பக்கத்திலும் ஒரு மெல்லிய தந்தி இருக்கும். ஒரே சுரத்தை ஒன்று கீழேயும் மற்றது மேலேயும் பாடும். ஒரு தரம் கையை ஓட்டினால் ஒரு கூட்டமே பாடுவது போலிருக்கும். ஆனால் அதற்குச் சுருதி சேர்ப்பது பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகளை ஒரே பட்டிக்குள் அடைப்பதைப் போன்றது. கடைசிக் குட்டியை அடைக்கும்போது முதல் குட்டி வெளியே ஓடியிருக்கும்.

"பாருங்கோ." நடுவில் நான்கு தந்திகள் நனைந்த கொடிக்கயிறுபோலத் தொங்கின. "தவக்காலம் தொடங்கினதில இருந்து இப்பிடித்தான். கிழமை நாளில நான் முருங்கனில மோட்டச்சைக்கிள் கடையில வேலை, அங்கயே தங்குறன். சனி வந்து பாத்தா இந்தக் கோலம். தந்தி எல்லாம் மாத்தினன். முறுக்காணி எல்லாம் கொழும்பில இருந்து எடுப்பிச்சு மாத்தினன். ஒவ்வொரு சனியும் ஒரு மணித்தியாலம் இருந்து முறுக்குறன். அடுத்த சனி திரும்ப இதே நாலு!"

"எப்பவும் இதே நாலா?"

"ஓம். நாலாம் சோடியும் அஞ்சாம் சோடியும்."

"மற்ற எட்டும்?"

"அதுகளில ஒரு பிழையுமில்லை. அதுவா அக்கா இப்ப முக்கியம்?" றொகானுக்குக் குரல் உயர்ந்தது.

"இவ அப்பிடித்தான்," என்றான் பைசர் இரகசியம்போல. "கார் முன்னுக்கு நொறுங்கியிருக்கும். இவ பின்சில்லைப் பாத்துக்கொண்டு நிப்பா."

ரிஸ்னா கேட்கக் கேட்க மிச்சக் கதையும் வந்தது. றொகானின் வீடு தகரக் கூரை. அந்த வெக்கையில் கிற்றாரின் பலகை வளைந்துவிடும். அதனால் அதைக் கோயிலில், பலிபீடத்துக்குப் பக்கத்திலுள்ள பாடகர் அறையில், கல்சுவரில் மாட்டி வைத்திருந்தான். அறைப் பூட்டுக்கு மூன்று திறப்புகள். ஒன்று அவனிடம். ஒன்று கோயில் மூப்பர் யாகப்பர் வீட்டில். மற்றது, பாட்டுக்குத் தலைமை தாங்கும் விதுசனிடம்.

"இது வர முதல் கோயிலில கிற்றார் அடிச்சது விதுசன்தான். அவனுக்கு எரிச்சல். அத்தாட்சியும் இருக்கு. நடுவில ஒரு கிழமை மட்டும் தந்தி தளரேல்ல. அந்தக் கிழமை அவன் கொழும்பில!"

"பிடிச்சாச்சு!" என்று பைசர் தொடையில் தட்டினான்.

"போன சனி எல்லாருக்கும் முன்னால கேட்டன். கிற்றாரை நாசமாக்கினது நீதானே எண்டு. திறப்பை என்ர நெஞ்சில எறிஞ்சுபோட்டுப் போனவன், திரும்பி வரேல்ல." றொகான் தலைகுனிந்தான். "பெரிய வியாழன் பூசையில குளோரியாப் பாட்டு முடிஞ்ச உடன கோயில் மணியின்ர நாக்கைக் கட்டிடுவினம். அதுக்குப் பிறகு ஒரு வாத்தியமும் சத்தம் போடக்கூடாது. இண்டைக்கு இரவு பாஸ்காப் பூசையில திரும்பக் குளோரியா தொடங்கேக்கதான் மணி, கிற்றார் எல்லாம் ஒண்டாய் முழங்கும். அதுக்கு முதல் இருட்டுக்க விதுசன் தனிய நிண்டு பாஸ்காப் புகழுரை பாட வேணும். அவனைப்போலப் பாட வேற ஆளில்லை. வியாழன் பின்னேரம் சுருதி சேர்த்து வாசிச்சுப்போட்டு மாட்டினன். இண்டைக்குக் காலம திறந்தா இப்பிடி. இப்ப பாடவும் ஆளில்லை, வாசிக்கவும் சாமான் இல்லை."

"திறப்பைத் தந்திட்டுப் போனவன் எப்பிடி உள்ள வந்தான்?" என்றாள் ரிஸ்னா.

"இன்னொரு திறப்பு வெட்டி வச்சிருப்பான்," என்றான் பைசர். "நானெண்டா ரெண்டு வெட்டுவன்."

"நீங்க வெட்டினாலும் ரெண்டையும் துலைச்சிருப்பீங்க." அவள் றொகான் பக்கம் திரும்பினாள். "ஒண்டும் நடக்காத அந்தக் கிழமை, வேற என்னவெல்லாம் நடக்கேல்ல?"

றொகானுக்கு அது என்ன கேள்வி என்றே விளங்கவில்லை. "வேற என்ன... ஊர் முழுக்கத் தடிமன் காய்ச்சல். யாகப்பர் அண்ணையிட மனுசி அருள்நாயகியக்காவுக்குத் தொண்டை கட்டி, வெள்ளிக்கிழமை வியாகுலப் பிரசங்கம்கூட நடக்கேல்லையாம்."

தவக்கால வெள்ளிகளில், வாத்தியம் எதுவுமின்றி, மாதாவின் துயரத்தைப் பெண்கள் இழுத்துப் படிப்பதுதான் அந்தப் பிரசங்கம். அருள்நாயகி முன்னால் நின்று ஓர் அடியைப் படிப்பாள். கோயிலின் பின்பக்கம் இருக்கும் பெண்கள் திருப்பிப் படிப்பார்கள். "அதைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லி நாங்கள் கேட்டதில அவவுக்கு எங்களோட கோவம்," என்றான் றொகான்.

ரிஸ்னா கைவிளக்கை அடித்துக் கிற்றாரை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். கீறல் இல்லை. வெட்டு இல்லை. தந்திகள் மரத்தில் வந்து சேரும் இடத்தில், மெல்லிய ஊதா நூல் ஒன்று சிக்கியிருந்தது.

"தவக்காலத்தில மாதா, புனிதர் சுருபங்களை மூடுற துணி," என்றான் றொகான். "யாகப்பர் அண்ணையின்ர பொறுப்பு."

"கிற்றார் கோயிலுக்க வந்தது அவருக்குப் பிடிக்குமா?" என்று பைசர் பாய்ந்தான்.

"பிடிக்காதுதான்..."

"விதுசனை விடுங்கோ. யாகப்பர்தான்!"

"இன்னும் பத்து நிமிசம் விட்டா ஃபாதரையும் பிடிப்பீங்க," என்றாள் ரிஸ்னா. "தம்பி, இப்ப இதுக்குச் சுருதி சேருங்கோ."

"இண்டைக்கு வாத்தியம் தொடக்கூடாது அக்கா."

"அது உங்கட கோயிலில. இது எங்கட வீடு."

றொகான் முறுக்கத் தொடங்கினான். நான்காம் சோடி ஏறியபோது மூன்றாம் சோடி இறங்கியது. அதைச் சரிசெய்தபோது ஐந்தாம் சோடி முரண்டு பிடித்தது. பைசர் ஒவ்வொரு தந்திக்கும் "இப்ப சரிதானே?" என்று கேட்டான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இதை யாராவது ஆசையோடு வாங்குவார்களா என்று றொகான் மாமாவையும் மனதுக்குள் திட்டினான். ஒருவழியாக முடித்து, கிற்றாரைக் கதிரையில் சாய்த்து வைத்தபோது, பக்கத்துப் பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. பைசரின் வாய் மூடியது. ரிஸ்னா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பாங்கின் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவே அறையில் மெல்லிய முனகல் ஒன்று மிஞ்சி நின்றது. மின்விசிறியாக இருக்கும் என்று றொகான் நினைத்தான். ஆனால் பாங்கு முடிந்ததும் ரிஸ்னா எழுந்து, மின்விசிறியை அல்ல, கிற்றாரின் தந்திகளைத்தான் உள்ளங்கையால் மெதுவாக மூடினாள். முனகல் நின்றது.

"தொழுதிட்டுக் கோயிலுக்குப் போவம்," என்றாள். "விதுசனும் வரவேணும்."

"அவன் வரமாட்டான் அக்கா."

"இவர் போய்க் கூட்டிவருவார். இவர் கதைக்கத் தொடங்கினா, நிப்பாட்டுறதுக்காகவாவது ஆக்கள் வருவினம்."

பின்னேரம் பாடகர் அறையில் அவர்கள் கூடினார்கள். விதுசன் கைகளைக் கட்டிக்கொண்டு, றொகான் இல்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். யாகப்பர் இரவுப் பூசைக்கு நேரமாகிறதென்று முணுமுணுத்தார். அருள்நாயகி, பூச்சாடியைக் கையில் பிடித்தபடியே, பலிபீடத்துப் பக்கக் கதவடியில் நின்றாள். கிற்றார் தன் ஆணியில் தொங்கியது.

"உடைஞ்சதைப் பாக்கிறது லேசு. நான் உடையாததைப் பாப்பன்," என்று ரிஸ்னா தொடங்கினாள். "இதில எட்டுத் தந்தியை ஆரும் தொடேல்ல. எரிச்சல் பிடிச்ச ஒராள் வந்திருந்தா பன்னிரண்டையும் குழப்பியிருப்பான். இல்லாட்டி வெட்டியிருப்பான். விதுசனுக்குக் கிற்றார் தெரியும். ஒரு மெல்லிய தந்தியை மட்டும் ஒரு துளி இறக்கிவிட்டாக் காணும், றொகான் ஒரு நாள் முழுக்கத் தேடியிருப்பார்."

"ரெண்டு நாள்," என்றான் விதுசன், சுவரைப் பார்த்தபடி.

"அப்ப இவர்தான்!" பைசர் யாகப்பரை நோக்கிக் கையை நீட்டினான்.

"ஆர் இந்த மனிசன்?" என்றார் யாகப்பர்.

"என்ர மனிசன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." ரிஸ்னா தொடர்ந்தாள். "யாகப்பர் அண்ணை மணியின்ர நாக்கையே கட்டுறவர். கிற்றார் வேண்டாமெண்டா முழுசாக் கழட்டி வச்சிருப்பார். ஆனா இங்க வந்த ஆளுக்குக் கிற்றாரோட பகை இல்லை. முதல்ல ஊதாத் துணியைத் தந்திக்குக் கீழ செருகிப் பாத்திருக்கு. அது சரிவரேல்ல. பிறகுதான் நாலு தந்தியைத் தளர்த்தியிருக்கு. ஏன் அந்த நாலு? அந்த நாலும்தான் சத்தம் போட்டது."

"பூட்டின அறைக்குள்ள ஆர் வாசிச்சது?" என்றான் றொகான்.

"ஒருத்தரும் வாசிக்கேல்ல." அவள் கதவடியைப் பார்த்தாள். "அருள்நாயகியக்கா, நீங்க பிரசங்கம் படிக்கிற இடம் அதுதானே? ஒரு அடி படிச்சுக் காட்டுவீங்களா? இண்டைக்கு வாத்தியம்தானே கூடாது. குரல் கூடும்தானே?"

அருள்நாயகியின் முகம் வெளுத்தது. கணவனைப் பார்த்தாள். பிறகு பூச்சாடியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, ஓர் அடியைப் படித்தாள். பெண்குரலுக்குத் தாழ்ந்த, கனத்த குரல். அது ஒரு சுரத்தில் நின்று, இன்னொன்றுக்கு ஏறி, திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தது. மூச்சு எடுக்க நிறுத்தினாள்.

அறைக்குள் கிற்றார் அதே இரண்டு சுரங்களையும் முனகியது.

பைசர் மெதுவாகச் சுவர்ப்பக்கம் ஒதுங்கினான். றொகான் கிட்டப் போய் விரலை வைத்துப் பார்த்தான். நான்காம் சோடி நடுங்கியது. ஐந்தாம் சோடி நடுங்கியது. மற்ற எட்டும் பேசாமல் கிடந்தன.

"இவ்வளவு தந்தி இருந்தா, தன்ர சுரம் எங்க கேட்டாலும் அது பதில் சொல்லும்," என்றாள் ரிஸ்னா. "பின்னால இருந்து படிக்கிற ஆக்களுக்குக் கேக்காது. கதவடியில நிண்டு மூச்சு எடுக்கிற ஆளுக்குத்தான் கேக்கும். தொண்டை கட்டின கிழமை பிரசங்கமும் இல்லை, முனகலும் இல்லை. அதே கிழமை விதுசன் கொழும்பில நிண்டது விதுசன்ர கெட்டகாலம். திறப்பு யாகப்பர் அண்ணை வீட்டிலதானே இருந்தது?"

அருள்நாயகி நிலத்தைப் பார்த்தபடி பேசினாள். "முதல் வெள்ளி, உள்ளுக்க ஆரோ நிண்டு என்னைப்போலப் படிச்சு நெளிக்கினம் எண்டு நினைச்சன். என்ர பிரசங்கத்தை ஒப்பாரி எண்டு பகிடி பண்ணுற ஆக்கள்தானே நீங்கள். அடுத்த வெள்ளி திறப்பைக் கொண்டந்து திறந்தா ஒருத்தருமில்லை. இது தன்ர பாட்டில பாடுது. ஆரிட்டச் சொல்லுறது? சொன்னா நீங்கள் இன்னும் சிரிப்பியள். துணியை வச்சன், அடங்கேல்ல. படிச்சுப் படிச்சு விரலால தொட்டுப் பாத்து, நடுங்கினதை மட்டும் தளர்த்தினன். நேற்றும் அதுதான் செய்தன்."

"நான் போன சனி அவ்வளவு கத்தேக்க ஏனக்கா சொல்லேல்ல?"

"கிற்றாரை நாசமாக்கிப்போட்டினம் எண்டெல்லோ நீ கத்தினனி! நான் எங்க நாசமாக்கினன்? மணியின்ர நாக்கை வியாழன் கட்டுறம், சனி அவிழ்க்கிறம். அதுமாதிரித்தானே? நீ சனிக்குச் சனி ஒரு மணித்தியாலம் அதை முறுக்கிக்கொண்டுதானே இருக்கிறனி. அதுதான் அதை வாசிக்கிற முறையாக்கும் எண்டு நான் நினைச்சன் தம்பி."

விதுசன் சிரிப்பை அடக்கப் பார்த்து, இருமினான். றொகானுக்குக் காது சுட்டது. இத்தனை வாரமும் கொழும்பிலிருந்து முறுக்காணி எடுப்பித்து, தூக்கம் கெட்டு, சிநேகிதனைத் தொலைத்து... யார் மூக்கையும் உடைக்க இனி வழியில்லை.

"மச்சான்," என்றான். "பிழை என்னில."

"எல்லாருக்கும் முன்னால கேட்டனி," என்றான் விதுசன். "இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லு." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

றொகான் பின்னால் ஓடப் பார்த்தான். ரிஸ்னா தலையை ஆட்டி நிறுத்தினாள். "தகரத்தை உடன நிமித்த ஏலாது தம்பி. அடிச்ச சூட்டோட அதே கையால நிமித்த ஏலவே ஏலாது." பைசரை அழைத்துக்கொண்டு அவள் புறப்பட்டாள். அருள்நாயகியும் யாகப்பரும் சுருபங்களின் ஊதாத் துணிகளை அவிழ்க்கப் போனார்கள்.

றொகான் தனியே கதிரையில் உட்கார்ந்தான். இரவு வரை கிற்றாரை வாசிக்கவும் முடியாது. பாடகர் குழு வந்து கூடும்போது எழுந்து நின்று என்ன சொல்வதென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எந்த வசனமும் சுருதி சேரவில்லை. விதுசன் வராவிட்டால் அதைச் சொல்லியும் பயனில்லை.

அப்போது கிற்றார் முனகியது. அருள்நாயகியாக இருக்கும் என்று நினைத்து, பழக்கத்தில் விரலை நான்காம் சோடியில் வைத்தான். அது அசையவில்லை. ஐந்தாவதும் அசையவில்லை. நடுங்கியது மூன்றாம் சோடி. பிறகு இரண்டாவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கதவுக்கப்பால், கோயிலுக்குள், விதுசன் மிக மெதுவாகப் பாஸ்காப் புகழுரையின் தொடக்கத்தைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

றொகான் எழுந்து போகவில்லை. தந்தியில் வைத்த விரலையும் எடுக்கவில்லை. வரும் வழியில் குலுங்கியதில் இரண்டாம் சோடியில் ஒரு தந்தி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. குளோரியாவுக்கு முதல் அதை முறுக்கவும் முடியாது.