இந்தக் காசு எங்கே கிடைச்சது?

போன் அடித்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி அப்போதுதான் அந்தத் தெருவுக்குள் கால் வைத்திருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பையைத் துழாவிப் போனை எடுத்தாள்.

"நான்தாம்மா பேசறேன்." பெரியவரின் குரல். "கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம். ஒரே ஒரு விஷயத்துல மட்டும் உண்மையைச் சொல்லு. இந்தக் காசு உனக்கு எங்கே கிடைச்சது?"

"அதான் சொன்னேனே. மாமியார் கொடுத்தது. உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கேன். காசை எடுத்து வைங்க, போதும்."

"இல்லம்மா, எனக்கு ஒரு சந்தேகம்... இரு, யாரோ கதவைத் தட்டறாங்க."

செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் சத்தம். பிறகு பெரியவரின் குரல் தள்ளியிருந்து கேட்டது.

"அடடே, நீங்களா... வாங்க வாங்க. உங்களைக் கேக்கணும்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

அடுத்து, மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம்.

"சார்... சார்?"

லைன் கட்டானது.

ஓடினாள். மாடிப்படியில் எதிரே ஒருவரும் வரவில்லை. பின்பக்கம் இன்னொரு படி இருப்பது அவளுக்கு அப்போது தெரியாது.

கதவு திறந்தே கிடந்தது. பெரியவர் மேஜையடியில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய குட்டித் தராசு கவிழ்ந்திருந்தது. கனமான கண்ணாடிப் பேப்பர் வெயிட் ஒன்று அவள் காலடியில் கிடந்தது.

ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். தரையில் எது கிடந்தாலும் குனிந்து எடுத்துப் பழகிய கை.

எடுத்துவிட்டாள்.

பிசுபிசுத்தது...

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து அலறியது சரியாக அந்த நேரத்தில்தான்.

*

"ஆக, போன்ல பேசிட்டிருக்கும்போதே வேற யாரோ வந்து அடிச்சுட்டாங்க." இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நீ சும்மா அந்தப் பேப்பர் வெயிட்டைக் கையில எடுத்துப் பார்த்தே."

"ஆமா சார்."

"நான் வேணா நம்பறேன்மா. கோர்ட்டு நம்பணுமே."

"சத்தியமா சார். எனக்குப் பொண்ணு இருக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல பள்ளிக்கூடம் விட்டுடும். வாசல்ல நின்னுட்டிருப்பா சார்."

"நேத்து சாயங்காலம் நீ பெரியவர் வீட்டுல கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கு. 'காசைத் திருப்பிக் குடுக்கலேன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்.' சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன் சார்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன சொல்வாள் பாவம். வாயைத் திறந்தால் வம்பு, மூடினால் கொலைகாரி.

எல்லாம் ஒரு சின்னக் காசால் வந்த வினை. எல்லோர் சட்டைப் பையிலும் கிடக்கிற அதே காசுதான். ஆனால் மற்றவற்றைவிடச் சின்னது. ஓரம் வளையம் போட்டதுபோல் தடித்திருந்தது. எழுத்தெல்லாம் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தது. துணி காய வைக்கிற பெரிய டிரையரின் வாயோரம் கிடந்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அச்சடிக்கும்போதே தப்பாக விழுந்த காசு என்றால் அதற்குப் பெரிய விலை உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். யாரிடம் போய்க் காட்டுவது? அடகுக் கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நகைக்கடைக்காரர், "போலி. வேணும்னா வச்சுட்டுப் போங்க" என்று சிரித்தார். போலியை எதற்கு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

நாணயம் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். "அபூர்வம் சிஸ்டர், அபூர்வம். என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றார். இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று, வெகுகாலமாகப் பழைய நாணயங்கள் சேர்த்துவரும் பெரியவரிடம் போனாள்.

அங்கேதான் கெட்டது.

பெரியவர் லென்ஸைக் கண்ணில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, வேறு யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இது எங்கேம்மா கிடைச்சது?"

அவளுக்குச் சுருக்கென்றது. திருட்டுப் பட்டம் கட்டப் பார்க்கிறாரா? சலவைக்கூடத்தில் குண்டூசி கிடைத்தாலும் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர்கள் மறுநாள் வேலையில் இருந்ததில்லை.

"மாமியார் கொடுத்தது" என்றாள்.

"அப்படியா... அப்ப எடை போட்டுப் பார்த்துத்தான் சொல்லணும். ரெண்டு நாள் இருக்கட்டும்."

செயலாளருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். காசு இப்போது அவரிடம்தான் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "ஐயோ சிஸ்டர், அந்த ஆளை நம்பினீங்களா? காசையே மாத்திடுவாரே" என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் பெரியவர் வீட்டில் போய் அப்படி ஆடித் தீர்த்தாள்.

"காசு எங்கே?" இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "பெரியவர் வீட்டுல இல்ல. உன் பையிலயும் இல்ல. எங்கே வீசினே?"

"நான் எடுக்கல சார்."

"அந்தக் காசுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா?"

"எனக்கென்ன சார் தெரியும்?" சட்டென்று அவளுக்கு ஒரு பிடி கிடைத்தது. "சங்கத்துச் செயலாளரைக் கூப்பிடுங்க சார். படிச்சவர். நல்லவர். அவர் எனக்காகப் பேசுவார்."

*

செயலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. சட்டைப் பையில் தடிமனான மூக்குக் கண்ணாடிக் கூடு.

"கேள்விப்பட்டதும் ஆடிப் போயிட்டேன் சார். பெரியவர் தங்கமான மனுஷன்."

நேற்று போனில் இதையா சொன்னார்? அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

"அந்தக் காசு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சுத்தமான அச்சுப்பிழை சார். நாணயம் அடிக்கிற ஆலையிலேயே நடந்த தப்பு. நான் இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்ல. வெளிநாட்டு ஏலத்துக்குப் போனா ஏழு தலைமுறைக்குக் காணும். அதுக்காக..." பெருமூச்சு விட்டார். "சொல்லக் கூடாது. ஆசை யாரைத்தான் விட்டது?"

"சார், என்ன சொல்றீங்க?" அவள் எழுந்தேவிட்டாள். "உங்களை நம்பித்தானே கூப்பிடச் சொன்னேன்."

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு சிஸ்டர். உண்மையைத்தானே சொல்ல முடியும்?"

காசைப் பற்றிச் சொல்ல ஊரில் இருந்ததே இரண்டு பேர். ஒருவர் செத்துப் போனார். இன்னொருவர் அவளை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். சலவைக்காரப் பெண்பிள்ளை பேச்சு இனி எந்தச் சபையில் எடுபடும்? மகள் பள்ளிக்கூட வாசலில் நிற்பதை நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சொன்னதை எழுதியிருக்கு. படிச்சுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்று இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார்.

செயலாளர் தாளைக் கை எட்டுகிற மட்டும் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்தார்.

"கண்ணாடியைப் போட்டுக்கங்களேன் சார். பையிலதானே இருக்கு?"

"பரவால்ல சார். பழக்கம்தான்."

வெளியே ஒரே கலாட்டா. கான்ஸ்டபிளைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி உள்ளே நுழைந்தாள். கையில் சோப்பு டப்பா. அவளுடைய நாத்தனார், அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள்.

"அண்ணி, அழாதீங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வந்து வெளியே உக்கார வச்சிருக்கேன்." மூச்சிரைத்தது. "சார், காசைக் காணோம்னுதானே எங்க அண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கீங்க? இந்தாங்க. காசு கிடைச்சிடுச்சு. அவங்களை விடுங்க."

டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு காசை எடுத்து மேஜைமேல் டொக்கென்று வைத்தாள்.

சின்னக் காசு. தடித்த ஓரம். ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும் எழுத்து.

செயலாளரின் முகத்தில் ரத்தம் வற்றியது. "இது... எப்படி?"

அவர் கை தன்னாலே சட்டைப் பைக்குப் போனது. கூட்டை எடுத்தது. விரல்நுனியால் மூடியை லேசாகத் தூக்கி, எட்டிப் பார்த்து, நிம்மதியாக மூச்சுவிட்டார்.

நிமிர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது கண்ணாடியைப் போட்டுக்கங்க சார்."

"இல்ல... வந்து..."

இன்ஸ்பெக்டர் கூட்டைப் பிடுங்கிக் கவிழ்த்தார். கண்ணாடி விழவில்லை. பஞ்சு விழுந்தது. பஞ்சுக்குள்ளிருந்து காசு விழுந்து உருண்டு, முதல் காசின் பக்கத்தில் போய்ப் படுத்தது. இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன.

"கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு, காசைக் கூட்டுக்குள்ள வச்சுட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே வந்திருக்கீங்க. தைரியம்தான்."

"வீட்டுல வைக்க மனசு வரல சார்." செயலாளர் நாற்காலியில் சரிந்தார். "அவர் என்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்னு ஆரம்பிச்சார். இதுல தனக்கும் பங்கு உண்டான்னு கேக்கப் போறார்னு நெனச்சேன். அதுக்குள்ள முந்திக்கிட்டு அடிச்சுட்டேன். உலகத்துலயே ஒண்ணுதான் இருக்குன்னு நெனச்சேனே... ரெண்டாவது எங்கேயிருந்து வந்துச்சு?"

"ரெண்டாவதா?" என்றாள் நாத்தனார். "இருங்க."

டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். கலகலவென்று கொட்டியது. எல்லாமே சின்னக் காசு. எல்லாவற்றுக்கும் தடித்த ஓரம்.

"பழைய டிரையரை இன்னிக்குத்தான் மெக்கானிக் பிரிச்சார் அண்ணி. யாரோ பையில விட்ட காசெல்லாம் டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா சுத்தியிருக்கு. சூட்டுல இடிபட்டு இடிபட்டு ஓரமெல்லாம் இப்படி மடங்கிடுமாம். எந்த லாண்டரியில பிரிச்சாலும் இது கிடைக்கும்னு சிரிக்கறார்."

"அப்ப... அச்சுப்பிழை இல்லையா?" என்றார் செயலாளர்.

"கடையில குடுத்தாக்கூட வாங்க மாட்டான் சார்."

செயலாளர் கொட்டிக் கிடந்த காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

அவளுக்கு வேறொன்று உறைத்தது. எங்கே கிடைத்தது என்று பெரியவர் கேட்டபோதே டிரையர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சிரித்துக்கொண்டே காசைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார். இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். ஊரிலேயே நம்பத்தகுந்த ஒரே ஆளிடம்தான் பொய் சொல்லியிருக்கிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் செயலாளரின் கையைப் பிடித்து எழுப்பினார்.

நாத்தனார் வழிவிட்டு நின்றாள்.

"ஜெயில்லயும் மெஷின்லதான் துவைப்பாங்களாம் சார்... துணியைப் போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பார்த்துடுங்க. மறுபடியும் ஏதாவது அபூர்வமா கிடைச்சுத் தொலைக்கப் போகுது."