நிறுத்தி வைத்த வண்டி ஓடிய அறுபத்தெட்டு கிலோமீட்டர்

பகல் பதினொன்றரை மணிக்கு முகாம் அலுவலகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர், மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றார்.

"நிறுத்தி வச்ச வண்டி மூணு நாள்ல அறுபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கு. இதுக்கு எனக்கு விளக்கம் வேணும்."

மூலையில் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்த மின்பணியாளருக்குக் கை கால் பரபரத்தது. முகாமில் எல்லோரும் அவரை 'மின்சாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயது, ஐந்தடி இரண்டு அங்குலம், ஏதாவது மர்மம் என்று காதில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். அவர் ஏணியிலிருந்து இறங்கிய வேகத்தில் திருகாணி ஒன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போனது.

மலையடிவாரத்தில் இருந்த அந்த முகாமில் கேரவன் என்னும் வீட்டு வண்டிகளை நிறுத்த நாற்பது இடங்கள் இருந்தன. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய். நடத்துபவர் ஐம்பத்தெட்டு வயது மேலாளர் அம்மா. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டவர். மரம்தான் குறுக்கே வந்தது என்று சத்தியம் செய்தவர்களையெல்லாம் முகம் மாறாமல் கேட்டுக் குறித்துக்கொண்டு, கடைசியில் மரத்தின் பக்கம் தீர்ப்பெழுதிய மனுஷி.

"உட்காருங்க சார். மொதல்லேருந்து சொல்லுங்க," என்றார்.

பெரியவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவருடைய மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கத்துக் கடலில் காலை நனைத்துவிட்டுக் கிளம்பி, நாட்டின் குறுக்கே போய், மறுபக்கத்துக் கடலில் காலை நனைப்பது என்று இருவரும் நான்கு மாதமாகக் கேரவனில் வந்துகொண்டிருக்கிறார்கள். திங்கள் மாலை இந்த முகாமுக்கு வந்தார்கள். நாளை வெள்ளிக்கிழமை காலை கிளம்பி, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் ஏறவேண்டும்.

"திங்கக்கிழமை நிறுத்தினப்ப மீட்டர்ல 48,213. எழுதி வச்சிருக்கேன். வண்டி ஓடற நாள்லெல்லாம் என் சம்சாரம் மீட்டரைப் பார்த்துச் சொல்லுவா, நான் எழுதுவேன். நாளைக்குக் கிளம்பணுமே, இன்னிக்கே எழுதிடலாம்னு இப்ப நானே போய்ப் பார்த்தேன். 48,281. முப்பத்தெட்டு வருஷம் ரயிலுக்குப் பதில் சொன்னவன் நான். என் கணக்குல அரை கிலோமீட்டர்கூடப் பிசகாது."

"சாவி?"

"ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு அவ தையல் டப்பாவுல. ஆனா அவளைக் கேக்கவே வேண்டாம். அவளுக்கு சைக்கிள்கூட வராது."

"நாள் முழுக்க நீங்க வண்டியிலயேதான் இருப்பீங்களா?"

"காலையில ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் உங்க முன்வாசல் கூடத்துல சதுரங்கம். இன்னொரு விஷயம். உங்க கரண்டும் சரியில்லை."

மின்சாரம் முதுகை நிமிர்த்தினார். "கரண்டா?"

"ஓய்வு பெத்தப்ப எனக்கு ஒரு மின்கடிகாரம் கொடுத்தாங்க. முகாம் கரண்டுலதான் ஓடும். காலையில ஒன்பது மணிக்குச் சரியா இருக்கு. பதினொண்ணுக்கு வந்து பார்த்தா நாப்பது நிமிஷம் பின்னாடி. மூணு நாளா இதே கதை."

"மத்தியானத்துல?" என்று கேட்டார் மேலாளர்.

"நான் திருத்தி வச்சதும் மத்தியானம் ராத்திரியெல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது."

"என் கரண்டு காலையில மட்டும் கெட்டுப் போகுமா?" என்றார் மின்சாரம், மனம் புண்பட்டவராக. பெரியவர் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"வர்ற வழியெல்லாம் மனுஷங்களே சரியில்லைம்மா. போன ஊர்ல கடை வாசல்ல டிப்டாப்பா ஒருத்தன் நின்னான். அஞ்சு நிமிஷம் வழி கேட்டேன். ஒரு வார்த்தை பதில் இல்லை. அவ்வளவு திமிர். என் வண்டியை யாரோ கடத்தலுக்குப் பயன்படுத்துறாங்க. சாயங்காலத்துக்குள்ள நீங்க கண்டுபிடிக்கலைன்னா நான் போலீஸுக்குப் போறேன்."

மேலாளர் நோட்டைத் திறந்து பார்த்தார், மூடினார். "வாங்க, வண்டியைப் பார்ப்போம்."

கேரவன் முகாமின் கடைக்கோடியில், பின்வாசலை ஒட்டி நின்றது. பின்வாசலுக்கு அப்பால் பயன்படுத்தாமல் விட்ட பழைய விமான ஓடுதளம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் சிமெண்ட். அந்த வாசலின் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் மேலாளர். மற்றவர், தண்ணீர் லாரி ஓட்டி வருகிற, எல்லோரும் 'லாரிக்கா' என்று கூப்பிடுகிற பெண்மணி. வாசலோரத்துப் பச்சைக் குப்பைத் தொட்டி ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. காட்டுப்பன்றியின் வேலை என்று மின்சாரம் நேற்றே அறிக்கை எழுதியிருந்தார்.

வண்டிக்குள் பெரியவரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். சின்ன உருவம், தணிந்த குரல். வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்.

மேலாளர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "மின்சாரம், மீட்டரைப் பார்த்து எழுதிக்குங்க."

மின்சாரம் எட்டிப் பார்த்து, தன் குறிப்பேட்டில் 48,231 என்று எழுதிக்கொண்டார். டீசல் முள் முக்கால் பாகத்தில் நின்றது. "நிறுத்தினப்பவும் அதே முக்கால்தான். முள் ஒரு நூல்கூட நகரலை. திருடன் டீசலும் ஊத்தி வச்சிருக்கான்," என்றார் பெரியவர்.

"சீட்டு உங்களுக்குச் சரியா இருக்கா சார்?"

பெரியவர் ஆறடி. ஏறி உட்கார்ந்து பார்த்தபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. "யாரோ முன்னாடி தள்ளியிருக்காங்க," என்றார்.

மின்சாரத்தின் பென்சில் பறந்தது. குற்றவாளி குள்ளமானவன் என்று எழுதி அடிக்கோடு இட்டார். உயரம் சுமார் ஐந்தடி இரண்டு அங்குலம் என்று சேர்த்தார். முகாமின் ஒவ்வொரு கம்பத்தையும் அறிந்தவன் என்றும் சேர்த்தார். பிறகு எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, அழிப்பானைத் தேடினார்.

"நாளைக்கு மலை ஏறப் போறீங்க. பயமா இல்லையாம்மா?" என்று மேலாளர் அந்த அம்மாவைக் கேட்டார்.

"இவர் வேகமாப் போக மாட்டார். ஆனா அந்த டிரைவர் பக்கத்துக் கண்ணாடிதான். அதுல ரோடே தெரியறதில்லை, வானம்தான் தெரியுது. திருப்பி வைங்கன்னு சொன்னா கேட்டாத்தானே," என்றார் அவர், டம்ளர்களை எடுத்துக்கொண்டே.

மேலாளர் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். "நல்ல டீ. நாலு மணிக்கு எல்லாரும் ஆபீஸுக்கு வந்துடுங்க. லாரிக்காவையும் வரச் சொல்றேன்."

திரும்பும் வழியில் மின்சாரத்தால் பொறுக்க முடியவில்லை. "மேடம், லாரிக்காதானே? பின்வாசல் சாவி அவங்ககிட்ட. அவங்களும் குள்ளம். தண்ணி லாரியில கடத்தினா மாட்டிப்போம்னு, திரை போட்ட கேரவன்ல கடத்துறாங்க."

"எதைக் கடத்துறாங்க?"

"அதுதான் இன்னும் பிடிபடலை."

"உங்க குறிப்பேட்டை மறுபடி ஒரு தடவை படிங்க மின்சாரம். பதில் அதுலயே இருக்கு."

மின்சாரம் மாலை வரை அதைப் பதினேழு தடவை படித்தார். காட்டுப்பன்றிக்கு வண்டி ஓட்டத் தெரிய வாய்ப்பில்லை என்ற ஒரு முடிவுக்கு மட்டும் அவரால் உறுதியாக வர முடிந்தது.

நாலு மணிக்கு அலுவலகத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. பெரியவர் வழக்கு போட வந்தவர்போல் விறைப்பாக உட்கார்ந்தார். அவர் மனைவி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். லாரிக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கடிகாரம்," என்று தொடங்கினார் மேலாளர். "கரண்டு கெட்டிருந்தா நாள் முழுக்கக் கெட்டிருக்கணும். தினமும் காலையில நாப்பது நிமிஷம் மட்டும் கடிகாரம் நின்னிருக்கு. அப்படின்னா அந்த நாப்பது நிமிஷம் வண்டி கம்பத்தோட இணைப்புல இல்லை. யாரோ ப்ளக்கைப் பிடுங்கி, வண்டியை எடுத்துட்டுப் போய், திரும்ப வந்து செருகியிருக்காங்க."

"நான் அப்பவே சொன்னேன், என் கரண்டு மேல தப்பில்லைன்னு," என்றார் மின்சாரம்.

"நாப்பது நிமிஷம், மூணு நாள். மொத்தம் ரெண்டு மணி நேரம். அறுபத்தெட்டு கிலோமீட்டர் போகணும்னா மணிக்கு முப்பத்தி நாலு. போகலாம். ஆனா அவ்வளவு பெரிய வண்டி அவ்வளவு தூரம் ஓடினா டீசல் முள் கொஞ்சமாவது இறங்கணும். இறங்கலை. அப்ப தூரத்துலதான் ஏதோ தப்பு. மின்சாரம், நீங்க எழுதினதைப் படிங்க."

"நாலு, எட்டு, ரெண்டு, மூணு, ஒண்ணு," என்று படித்த மின்சாரம் நிறுத்தினார். "மேடம், சார் சொன்னது நாலு, எட்டு, ரெண்டு, எட்டு, ஒண்ணு."

பெரியவர் தன் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"நான் மூணை எட்டுன்னு படிக்கிறவன் இல்லை," என்றார் பெரியவர்.

"நாலு மாசமா மீட்டரை அம்மா படிக்க, நீங்க எழுதுறீங்க. இன்னிக்குத்தான் நீங்களே படிச்சீங்க. அந்தக் கடை வாசல்ல டிப்டாப்பா ஒருத்தர் நின்னாரே, அவர் யாரும்மா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "துணிக்கடை பொம்மை," என்றார். "கோட்டு போட்டு நிறுத்தியிருந்தாங்க. கடைசியில இவர் அதுக்கு நன்றி வேற சொன்னார்."

மின்சாரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போனது. அந்த முகத்தில் கோபம் இல்லை. ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தை உற்றுப் பார்ப்பவரைப்போல் அவர் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக, அறுபத்தெட்டுல அம்பது கிலோமீட்டர் உங்க கண்ணு ஓட்டினது சார். மிச்சம் பதினெட்டு நிஜமாவே ஓடினது. ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர், நாப்பது நிமிஷம். ஓட்டமும் நடையுமா போற வேகம். இந்த வேகத்துல எந்தக் கடத்தல்காரனும் போக மாட்டான். கத்துக்கிறவங்கதான் போவாங்க. சாவி வேணும், சின்ன உருவமா இருக்கணும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில வானம் தெரியுதா ரோடு தெரியுதான்னு பக்கத்து சீட்டுல உட்கார்ந்தவங்களால சொல்ல முடியாது. டிரைவர் சீட்டுல உட்கார்ந்தாத்தான் தெரியும்."

பெரியவர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயா?"

"லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு, பழகுநர் சீட்டு வாங்கி வச்சிருக்கேன்," என்றார் அந்த அம்மா. "திங்கக்கிழமை சாயங்காலம் லாரிக்கா தண்ணி கொண்டு வந்தப்ப பேச்சு கொடுத்தேன். அவங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாங்க."

"நான் பன்னெண்டு வருஷமா ஓட்டுறேன் சார்," என்றார் லாரிக்கா, காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா நல்லா ஓட்டுறாங்க. அந்தக் குப்பைத் தொட்டி மட்டும் கொஞ்சம் வெளியில நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

மின்சாரம் தம் அறிக்கையிலிருந்து காட்டுப்பன்றியை மனசுக்குள் விடுதலை செய்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் பெரியவர். குரல் இறங்கியிருந்தது.

"எத்தனை தடவை சொன்னேன். கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னா, 'எனக்கா'ன்னு கேப்பீங்க. நாளைக்கு முப்பத்தாறு வளைவு. எதிர்ல வர்ற லாரியை நீங்க மேகம்னு நினைச்சா நான் என்ன பண்ணுவேன்? பாதி வழியில உங்ககிட்டேருந்து வண்டியை வாங்கிக்கலாம்னுதான் கத்துக்கிட்டேன். ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு இல்லை. அந்தக் கடலைப் பார்க்கணும்னுதான்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"ராத்திரியில விளக்கைப் பார்த்தா வெளிச்சம் சிதறுது," என்றார் கடைசியில். "ஆறேழு மாசமாவே. சொன்னா பயணத்தை நிறுத்திடுவியோன்னு சொல்லலை."

"கண்புரையாத்தான் இருக்கும் சார்," என்றார் மேலாளர். "பக்கத்து ஊர்ல கண் ஆஸ்பத்திரி அஞ்சரை வரைக்கும் திறந்திருக்கும். வழி நேர் ரோடுதான், ஒரு வளைவும் கிடையாது. ஆபரேஷன் பண்ணச் சொன்னா எத்தனை வாரம் வேணுமோ உங்க இடத்துலயே இருங்க. கடல் எங்கேயும் போயிடாது."

பெரியவர் எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மனைவியிடம் நீட்டினார். "எத்தனை கியர் வரைக்கும் வந்திருக்கே?"

"மூணு."

"ரிவர்ஸ்?"

"பின்னாடி போற ரோடு நமக்கு வேண்டாம்னு லாரிக்கா சொல்லிட்டாங்க."

கால் மணி நேரத்தில் எல்லோரும் கேரவனைச் சுற்றி நின்றார்கள். மின்சாரம் தம் கையாலேயே ப்ளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைத்தார். லாரிக்கா இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, கைப்பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மா இருக்கையை இன்னும் இரண்டு பல் முன்னால் தள்ளி, கண்ணாடியை வானத்திலிருந்து ரோட்டுக்கு இறக்கினார். பெரியவர் பயணியின் பக்கம் ஏறி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பி, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் முன்வாசலை நோக்கி ஊர்ந்தது. மின்சாரம் வாசல் கதவைத் திறந்துவிடுவதற்காகப் பக்கவாட்டு ஜன்னலோடு ஒட்டி நடந்தார். ஓடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வாசல் தூண் நெருங்க நெருங்க, பெரியவரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்துவது மின்சாரத்துக்குத் தெரிந்தது.

அந்த அம்மா ரோட்டிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை.

"அந்தப் பக்கம் பிரேக் கிடையாது," என்றார். "நாலு மாசமா நான் தேடிப் பார்த்துட்டேன்."