சங்கிலி மாட்டும் இடம்

இடாஹோ மாநிலத்துக்கு இறங்கும் கணவாயின் உச்சியில், பனியில் வழுக்காமல் இருக்க டயர்களுக்குச் சங்கிலி மாட்டுவதற்காகச் சாலையை ஒட்டி ஒதுக்கியிருந்த இடத்தில் ஆரின் வண்டியை நிறுத்தியபோது பகல் ஒரு மணி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை, பார்ப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. வானமும் சாலையும் சரிவும் ஒரே வெள்ளையாகக் கலந்து கிடந்தன.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் முப்பதடி நீள டிரெய்லர் நின்றது. உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. போன குளிர்காலத்தில் அதற்குள்தான் அவன் மகன் டேவின் இறந்தான். எண்ணெய்க் குழாய் வேலைக்குப் போன இடத்தில் அதிலேயே தங்கியிருந்தான். இரவெல்லாம் விழுந்த பனி ஹீட்டரின் புகைப்போக்கியை அடைத்துவிட்டது. விஷப்புகை உள்ளேயே தேங்கியது. தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. இருபத்துநான்கு வயது.

டிரெய்லர் வீட்டு முற்றத்துக்கு வந்த நாளிலிருந்து அவன் மனைவி லெனோரா தினமும் அதற்குள் போய் மகனின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் இந்தக் கணவாயைத் தாண்டி நாலு டன் எடையை இழுத்துப் போவது மடத்தனம் என்று ஆரினுக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த மாநிலத்தில் ஒருவன் வாங்கிக்கொள்கிறேன் என்றதும், பனி உருகும்வரை அவனால் காத்திருக்க முடியவில்லை. லெனோரா தடுக்கவில்லை. நானும் வருவேன் என்று மட்டும் சொன்னாள்.

கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி அவள் இறங்கினாள். டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கையில் ஒருவர் பின்னால் நின்று வழிகாட்டும்போது பேசுவதற்கென்று அவர்கள் வைத்திருந்த வாக்கி டாக்கிகளில் ஒன்று அவள் கோட்டுப் பையில் இருந்தது. ஆரின் பிக்கப்பின் பின்சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, டிரெய்லரின் சக்கரத்துக்கும் மாட்ட அதனருகே மல்லாந்து படுத்தான்.

தலைக்கு மேலே, டிரெய்லருக்குள், கட்டில் பலகை முனகியது.

தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுக்கும் சத்தம்.

குளிரில் மரம் சுருங்குகிறது என்று சொல்லிக்கொண்டான். அப்போது வாசனை வந்தது. ஹீட்டரை முதன்முதலில் போடும்போது கருகும் தூசியின் வாசனை. ஹீட்டருக்கான கேஸ் சிலிண்டரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். எழுந்து, கையுறையை உருவி, டிரெய்லரின் சுவரில் உள்ளங்கையை வைத்தான்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

கடைசிக் கொக்கியை அவசரமாக மாட்டிவிட்டு ஓடிப்போய் ஏறினான். லெனோரா அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தாள். கட்டம் போட்ட போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். போகலாமா என்று கேட்டான். பதில் இல்லை. ஒரு வருஷமாக அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

இறக்கம் தொடங்கியது. சின்ன கியரில் மணிக்கு இருபது மைல். டிரெய்லரின் பிரேக்குக்கென்று தனியாக இருந்த சிறு நெம்புகோலை அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பாதி தூரம் வந்த பிறகு, அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்ததாலோ என்னவோ, அவனுக்கு வாய் வந்தது.

“லெனோரா, அன்னிக்கு ராத்திரி அவன் எனக்குப் போன் பண்ணான். பண்ணலன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். குளிர் தாங்கலப்பா, டிரெய்லரை மாட்டிக்கிட்டு இப்பவே வீட்டுக்கு வந்துடறேன்னான். இந்தப் பனியில இழுத்துட்டு வராதடா, ரோடு தெளியட்டும், அங்கயே இருன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்.”

போர்வை அசையவில்லை. சங்கிலிகள் பனியைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

முன்தட்டில் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“ஆரின், எங்க போற? என்னை விட்டுட்டு எங்க போற? நான் இங்க மேலயே நிக்கறேன்.”

லெனோராவின் குரல்.

ஆரின் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வண்டிக்குள் கருகிய தூசியின் வாசனை நிறைந்திருந்தது. போர்வைக்குள்ளிருந்து, பாதித் தூக்கத்தில் பேசுவதுபோல், மெல்லிய குரல் வந்தது.

“நீங்க இருன்னு சொன்னீங்க. இருந்தேன்பா.”

அவன் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பிக்கப் வழுக்கியது. கண்ணாடியில் டிரெய்லரின் வெள்ளைச் சுவர் பக்கவாட்டில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அது பள்ளத்தை நோக்கிச் சுழன்றது. பிக்கப்பின் வாலையும் சேர்த்து இழுத்தது.

“பிரேக்கை விடுங்கப்பா.”

விட்டான்.

போர்வையிலிருந்து ஒரு கை நீண்டது. நகங்கள் செக்கச்செவேலென்று இருந்தன. பிணவறையில் அவன் பார்த்த அதே சிவப்பு. அந்த விஷப்புகை குடித்தவர்கள் உயிருள்ளவர்களைவிடச் சிவந்துபோவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கை சிறு நெம்புகோலைப் பிடித்து, நிதானமாக, ஒரே சீராக அழுத்தியது. டிரெய்லர் ஒருமுறை ஆடியது. இன்னொருமுறை ஆடியது. பிறகு வண்டிக்கு நேர்பின்னால் வந்து அடங்கியது.

அடிவாரம்வரை அந்தக் கை நெம்புகோலின் மேலேயே இருந்தது. ஆரின் அழுதுகொண்டே ஓட்டினான். ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்று ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். அதற்குள் சாலை சமமாகிவிட்டது. ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தபோது, போர்வை இருக்கையில் தட்டையாகக் கிடந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, பனி அள்ளும் லாரி லெனோராவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் அருகில் வந்து நின்றாள். பனியில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னான். அந்தப் போன் விஷயத்தையும் இரண்டாம் முறையாகச் சொன்னான்.

“தெரியும்,” என்றாள் லெனோரா. “அவன் போன்ல பாத்தேன். ரெண்டு பேரும் பதினாலு நிமிஷம் பேசியிருக்கீங்க. உன் வாயால எப்ப வரும்னுதான் காத்திருந்தேன்.”

“என்னை மன்னிப்பியா?”

“தெரியல, ஆரின். உன் இடத்துல இருந்திருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்கல.”

ஆரின் வாங்குகிறவனைப் போனில் கூப்பிட்டு, டிரெய்லர் விற்பனைக்கில்லை என்றான். அந்த ஆள் சத்தம் போட்டது போனுக்கு வெளியே கேட்டது. சாலை தெளியும்வரை கீழே ஊரில் தங்குவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

லெனோரா ஏறினாள். ஜன்னலோர இருக்கையில் அவள் உட்காரவில்லை. போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நடுவில், கணவனை ஒட்டி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். ஆரினும் மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினான். வண்டி மெல்ல நகர்ந்தது.

டிங். டிங். டிங்.

முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றது அது. அந்த இருக்கையில் ஆள் கனம் இருந்தால்தான் அது எரியும்.

இருவரும் காலி இருக்கையைப் பார்த்தார்கள்.

லெனோரா கையை நீட்டி, அந்தப் பெல்ட்டை இழுத்து, எதையும் நசுக்கிவிடாதபடி தளர்வாகக் கொண்டுவந்து மாட்டினாள்.

சத்தம் நின்றது.