காயாத படங்கு

பல்லேகலயில் தையல் கம்பனிக்காரனிடம் லீவு கேட்பதைவிட யமனிடம் உயிரைக் கேட்பது சுலபம். இருந்தும் கேட்டேன். என் தங்கச்சி யோகமலருக்கு மாதம் நிறையாமலே பிள்ளை பிறந்துவிட்டது, அவளும் காய்ச்சலோடு கிடக்கிறாள் என்று அவள் புருஷன் முத்துலிங்கம் போனில் அழுதான். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தான். சுளித்தால் சுளிக்கட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு வந்து, அங்கிருந்து பேராதனைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

பகல்தான். ஆனாலும் மழை மூடிக்கொண்டு வாட்டில் லைட் எரிந்தது. கட்டிலில் யோகமலர் சுருண்டு கிடந்தாள். நெற்றியில் கை வைத்தால் அடுப்புச் சூடு. பக்கத்தில் போனதும் ஒரு வாசனை வந்தது. நனைந்த சாக்கும் பச்சைத் தேயிலைக் கொழுந்தும் கலந்த வாசனை. எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவளுக்கு அது தாய்வீட்டு வாசனை. ஆஸ்பத்திரியில் ஏன் வருகிறது என்று குனிந்து பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அவளுடைய படங்கு.

கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுச் சாக்குக்குத்தான் படங்கு என்று பேர். செடி கீறாமலும் மழை உடம்பில் இறங்காமலும் காக்கும். மலையிலேயே வலி வந்து, கட்டிய படங்கோடு அவளை ஓட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

"தண்ணிக்குடம் ஒடைஞ்சது ஒனக்கு தெரியலையாடி?" என்று கேட்டேன்.

"அடை மழைக்கா. படங்கு நனையுது, சீலை நனையுது, எல்லாம் ஈரந்தான். மழைன்னுதான் நெனைச்சேன்."

"காய்ச்சல்?"

"நனைஞ்சா காய்ச்சல் வராதா? பெனடோல போட்டுக்கிட்டு மலைக்கு போயிட்டேன்."

நானும் அங்கே கொழுந்தெடுத்தவள்தான். அந்த ஈரத்தில் மழை எது, மற்றது எது என்று யாருக்குத் தெரியும்?

டொக்டர் மஸீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தண்ணி நாள்கணக்கா போயிருக்கு. அந்த வழியால கிருமி ஏறி கர்ப்பப்பை முழுக்க அழற்சி. புள்ள பொறக்க முந்தியே அந்தச் சூட்டுக்குள்ள கிடந்திருக்கான். அதாலதான் நேரத்தோட வந்துட்டான். சுவாசப்பையும் குடலும் பழுதாகித்தான் வந்திருக்கு. ஏலுமானத செய்றோம்."

"பொழைச்சுக்குவானா மிஸ்?"

"மூச்சு நிண்டு நிண்டு வருது. நிக்கிறப்ப உள்ளங்கால தட்டிவிடணும், திரும்ப எடுப்பான். தாய்க்கு எழும்ப ஏலாது. நீங்க வாங்க, சொந்தக் கை ஒண்டு அவனுக்கு வேணும்."

எனக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு தடவை தங்கிக் கலைந்தது. அதனால் இந்த வீட்டுக்கு முதல் பிள்ளை அவன்தான். அவன் பிழைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

குழந்தைகள் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றினேன். முழங்கைவரை கழுவச் சொன்னார்கள், கழுவினேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். எங்கள் பிள்ளை கிடந்த கடைசிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு பெண் குனிந்து நின்றாள். இடுப்பில் எதையோ சுற்றியிருந்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எழும்பாதேன்னு சொன்னா கேக்குறாளா பாரு" என்று யோகமலரைத் திட்டிக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

பெட்டியருகில் யாருமில்லை.

தரை ஈரமாக இருந்தது. தரை துடைக்கிற அம்மா வந்து, மழையை யார் உள்ளே கொண்டுவந்தது என்று சிங்களத்தில் முணுமுணுத்தபடி துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம் கசிந்தது. அவள் என்னை முறைத்தாள். என் கால் காய்ந்துதான் இருந்தது.

பிள்ளை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தான். தோலுக்குள் நரம்பெல்லாம் தெரிந்தது. நெஞ்சுக்கூடு ஏறியது, இறங்கியது, ஏறியது. நின்றது. மெஷின் கத்தியது. பதறிப்போய் உள்ளங்காலைத் தட்டினேன். ஐயோ சாமி, எடுத்தான்.

வாட்டுக்குத் திரும்பினால், யோகமலர் கிடந்த இடத்தைவிட்டு அசையவேயில்லை; கட்டிலுக்குக் கீழே பைக்குள் படங்கு இன்னும் நனைந்தே கிடந்தது. மெதுவாகக் கேட்டேன். "அந்தப் படங்கு யாருதுடி?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல?"

"அங்கம்மாவோடது" என்றாள்.

அங்கம்மா லயத்தில் பக்கத்து அறையில் இருந்த காம்பராக்காரி. போன மழைக்கு, வயிற்றுப் பிள்ளையோடு காய்ச்சலில் செத்துப்போனவள். அவளுக்கும் மலையில்தான் தண்ணீர் உடைந்தது. அவளும் மழை என்றுதான் நினைத்தாள். செத்தவளின் கூடையையும் படங்கையும் ஆற்றில் விட்டுவிட வேண்டும், அது எங்கள் வழக்கம். கூடையை விட்டார்கள். படங்கு நல்லதாக இருந்தது. யோகமலருடையது கிழிந்திருந்தது. தோட்டத்தில் புதுசு தருவதாகச் சொல்லி மாதக்கணக்காகியும் தரவில்லை. ஆணியில் சும்மா தொங்குகிறதே என்று இவள் எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அன்னையிலருந்து அது காயவே இல்லக்கா," என்று அவள் கிசுகிசுத்தாள். "அடுப்புக்கு மேல போட்டும் காயல."

மத்தியானம் நான் மறுபடி பிள்ளையிடம் போனேன். மழை கண்ணாடி ஜன்னலில் வழிந்தது. நர்ஸ் மிஸ் அந்தக் கோடியில் வேறொரு பிள்ளைக்குப் பால் ஏற்றிக்கொண்டிருந்தார். முதலில் வாசனை வந்தது.

சாக்கு. கொழுந்து.

பிறகு சொட்டுச் சத்தம்.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். மழைக்குத் தலையில் மடித்துப் போடுகிற கொங்காணிச் சாக்கைப் போட்டிருந்தாள், முகம் இருட்டாக இருந்தது. கை மட்டும் கண்ணாடிமேல் இருந்தது. கொழுந்துக் கறை படிந்த விரல்கள்.

மெஷின் கத்தத் தொடங்கியது.

பேயைக் கண்டால் செருப்பைக் காட்டி வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும், ஓடிவிடும் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். செருப்பு வாசலில் கிடந்தது. வாய் இருந்தது. என் வாய்க்குத் தோட்டமே பயப்படும். ஆனால் அத்தனை பச்சைப் பிள்ளைகள் தூங்குகிற இடத்தில் எப்படிக் கத்துவது? உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே, வாழ்க்கையில் முதல் தடவையாக, குரலைத் தாழ்த்தி ஏசினேன்.

"அடியே அங்கம்மா. நாசமா போறவளே. பச்ச மண்ணுகிட்ட வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல? ஒனக்கு புள்ளதானே வேணும்? தைரியம் இருந்தா என் வயித்துல வந்து எடுத்துக்க. இவன விட்ரு."

வயிற்றில் ஒன்றுமில்லை என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள்.

என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வயிற்றைப் பார்த்தாள்.

பிள்ளை ஒரு மூச்சு எடுத்தான். பிறகு இன்னொன்று. மெஷின் அடங்கியது. அந்தப் பக்கம் ஆளில்லை, தரையில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது.

அதன்பிறகு அவன் மூச்சு நிற்கவேயில்லை. நர்ஸ் மிஸ்கூடச் சிரித்தார். மறுநாள் யோகமலருக்குக் காய்ச்சல் இறங்கி, சக்கர நாற்காலியில் வந்து, அவனை வெறும் நெஞ்சோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். நான் விக்கி விக்கி அழுதேன். இனி ஒரு நிமிஷமும் அது இங்கே இருக்கக் கூடாது என்று படங்கைப் பையோடு தூக்கிக்கொண்டு பேராதனைப் பாலத்துக்குப் போனேன். நனைந்த சாக்கு கல்லாகக் கனத்தது. மகாவலியில் போட்டேன். மூழ்காமல் மிதந்துகொண்டே போனது. போய்த்தொலை என்று காறித் துப்பிவிட்டுத் திரும்பினேன்.

நான் திரும்பி வரும்போது டொக்டர் மஸீனா வாசலில் நின்றார். என் வீட்டுச் சாவைச் சொல்ல நிற்கிற முகத்தை எனக்கு அடையாளம் தெரியும்.

"குடல் ஓட்டையாயிட்டு," என்றார். "வயிறு ஊதி, ஒரு மணித்தியாலத்துல எல்லாம் முடிஞ்சிட்டு."

"அவதான் போயிட்டாளே மிஸ்! அவ போயிட்டாளே!"

யார் போனது என்று அவர் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அது அவன் பொறக்க முந்தியே நடந்தது. நாங்க பின்னால ஓடினதுதான் மிச்சம்."

அங்கம்மா அவனை ஒன்றும் செய்யவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. தன் பிள்ளைக்கு நடந்ததே இவனுக்கும் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிள்ளை வேண்டுமானால் எங்கே வந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

முத்துலிங்கம் ஒரு துவாயில் சுற்றித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். தேயிலை மலைக்குக் கீழே புதைத்தோம். யோகமலர் இப்போது மறுபடி கொழுந்தெடுக்கப் போகிறாள். யாரோடும் பேசுவதில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் நின்றபோதே எனக்கு நாள் தள்ளியிருந்தது. அது பிறகுதான் தெரிந்தது. இந்தத் தடவை கலையவில்லை, தங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைத் தரையில் நடக்க விடுவதில்லை. எல்லாம் நல்லபடி போனது.

இப்போது பல்லேகலயில் கடும் வெயில். கிணறெல்லாம் வற்றிவிட்டது. இன்று காலை கதிரையிலிருந்து எழுந்தேன். கதிரை நனைந்திருந்தது.

ஓட்டோ பிடித்து டொக்டர் மஸீனாவிடமே ஓடினேன். ஸ்கேன் வைத்துப் பார்த்தார், எல்லாச் சோதனையும் செய்தார். "தண்ணி ஒடையல்ல. புள்ள நல்லா இருக்கு. பயந்து சாகாதீங்க" என்று அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் பாலத்தில் ஓட்டோ ஏறியபோது கீழே பார்த்தேன். அதே மகாவலி. பேராதனையில் போட்டால் தொலைந்தது என்று நினைத்திருந்தேன். அது கண்டியைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம்தான் வருகிறது. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் ஒருநாள்கூட அதை யோசித்ததில்லை.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் நின்றார்.

"பின்னுக்குக் கொடியில கிடக்கிற சாக்கு யாருது? காலையிலருந்து வெயில்ல கிடக்குது, இன்னும் சொட்டிக்கிட்டே இருக்கு."

அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வந்தார். தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"என்ன சந்திரிகா, ஒடம்பு இப்பிடி கொதிக்குது?"